டேப்பின் மறுமுனை

மந்தைப் புறம்போக்கை அளக்க வந்த சர்வேயர், டேப்பைக் கோடிக் கல்வரைக்கும் கொண்டுபோக ஓர் ஆள் கேட்டார். யாரும் அசையவில்லை. அந்த இடம் ஆடு மேய்க்க வேண்டும் என்ற கீழத்தெருவுக்கும், மண்டபம் கட்ட வேண்டும் என்ற மேலத்தெருவுக்கும் ஒரே பயம்தான். நாம் அங்கே போனால் இங்கே கள்ளத்தனம் நடக்கும். "நீங்க போங்க அண்ணாச்சி" என்றாள் கீழத்தெரு வெள்ளைத்தாய். "நான் போயிருவேன் தாயீ. நீ இங்க என்ன பண்ணுவேன்னு யாரு பாக்குறது?" என்றார் மேலத்தெரு சீனிச்சாமி. ஆகவே அளவு தொடங்கும் இந்தக் கல்லின்மேல், டேப்பின் பூஜ்ஜியத்தை இருவர் கட்டைவிரலும் சேர்ந்தே அமுக்கியிருந்தன. இரண்டு தெருவும் குனிந்து அந்த விரல்களையே பார்த்தன. "நானே போனா எம்மேல மனுப் போடுவீங்க" என்று சலித்துக்கொண்ட சர்வேயர், சுருளைத் தரையில் வைத்துவிட்டு நோட்டைப் பிரித்தார். சுருளை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. டேப் கருவேலம் புதருக்குள் ஓடி, தரையைவிட்டு எழும்பி விறைத்தது. "இருபத்தெட்டு மீட்டர்" என்றது புதருக்கு அப்பாலிருந்து ஒரு குரல். சர்வேயர் எழுதிக்கொண்டார். "உங்க ஆளா?" என்றாள் வெள்ளைத்தாய். "உன் ஆளுன்னுல்லா நெனச்சேன்" என்றார் சீனிச்சாமி. எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் விரலை எடுக்க வேண்டும். டேப் மெல்ல இழுபட்டது. இரண்டு கட்டைவிரல்களும் ஒட்டியபடியே கல்லைத் தாண்டி ஒரு சாண் முன்னால் போயின. "இருபத்தேழே முக்கால்" என்று குரல் திருத்திச் சொன்னது. சர்வேயர் பழையதை அடித்துவிட்டு எழுதினார். இருவரும் இன்னும் பலமாக அமுக்கினார்கள்.