தும்பிக்கை பொத்திய பிள்ளையார்

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் ரோட்டுச் சுவரில் ராபர்ட் சுண்ணாம்பு அடிக்கிறான். அங்கே யாரும் ஒன்றுக்குப் போகக் கூடாதென்று நேற்று அவன்தான் அந்தப் பிள்ளையாரை வரைந்தான். நாற்றம் தாங்காமல் தும்பிக்கை நுனியைப் பொத்திக்கொண்டு நிற்கிற பிள்ளையார். சாமியைக் கேலி பண்ணுவதா என்று இன்று கூட்டம் கூடியபோது, அவன் சட்டையை முதலில் பிடித்த கை சடையப்பனுடையது. காலர் கிழிந்து தொங்குகிறது. சுண்ணாம்பு அவன் காலடியில் சொட்டுகிறது. கூட்டம் கலைந்தும் சடையப்பன் மட்டும் நிற்கிறார், அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல். “அண்ணே,” என்கிறான் ராபர்ட், திரும்பாமலே. “காலையில இதப் பாத்து மொத ஆளா விழுந்து விழுந்து சிரிச்சது நீங்கதான?” சடையப்பனின் கண் சுவருக்குப் போகிறது. ஈரச் சுண்ணாம்புக்குள்ளே பிள்ளையார் மங்கலாகத் தெரிகிறார், இன்னும் பொத்திக்கொண்டுதான். பாழாய்ப்போன சிரிப்பு மறுபடியும் தொண்டை வரை வருகிறது. “இன்னொரு கோட் அடிடா,” என்கிறார், சுவரைப் பார்க்காமல்.