சுமார் எட்டு வயது

பொருட்காட்சித் திடலின் அறிவிப்பு அறைக்குள் மூச்சிரைக்க ஓடி வந்தவன், மேசையில் கிடந்த பேனாவை எடுத்துக்கொண்டான்.

மகளைக் காணவில்லை.

ராட்டினத்துக்குச் சீட்டு வாங்கத் திரும்பிய ஒரு நிமிடம்தான். பிடித்திருந்த கை நழுவிவிட்டது. மனைவி கடைகளின் பக்கம் ஓடினாள். அவன் இங்கே வந்தான்.

"பதறாதீங்க சார். பாப்பா எப்படி இருக்கும்னு இதுல எழுதிக் குடுங்க. மைக்ல சொல்லிடலாம்" என்று மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்மணி ஒரு தாளைத் தள்ளினார்.

எழுதுவதில் அவனுக்கென்ன கஷ்டம். பதினொரு வருடமாக அதைத்தானே செய்கிறான்.

ரயில்வே போலீஸ் ஸ்டேஷனில் அவன் ரைட்டர். ரயிலில் அடிபட்டவர்களைப் பார்க்கத் தண்டவாளத்துக்குப் போகிறவர்கள் வேறு ஆட்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து, கைகால் கழுவி, டீ குடித்துக்கொண்டே சொல்வார்கள். என்ன நிறச் சட்டை, எந்தத் தோளில் மச்சம், பாக்கெட்டில் என்ன இருந்தது. அவன் எழுதுவான். யாரென்று தெரியாதவர்களை ஊருக்குத் தெரிவிக்கிற குறிப்பு அவனுடையதுதான்.

ஓர் உடலைக்கூட அவன் நேரில் பார்த்ததில்லை.

ஆனாலும் சித்திரையிலிருந்து தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. பேருந்தில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் கண் முதலில் தழும்பைத்தான் தேடுகிறது. உடம்பெல்லாம் அப்படி ஓர் அசதி.

மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் போன வாரம் டாக்டரிடம் போனான்.

நல்ல மனிதர் அவர். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். அவனும் பதினொரு வருடத்தைப் புரட்டினான். இன்ன நாள் என்று எடுத்துக் காட்ட ஒரு நாள் அகப்படவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்றான். சொல்லவே வெட்கமாக இருந்தது. நேரில் பார்த்தவர்கள் எல்லாம் படுத்ததும் குறட்டை விடுகிறார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியவனுக்கு என்ன வந்தது?

ஒரே நாளில்தான் நடக்க வேண்டும் என்றில்லை, கொஞ்சம் கொஞ்சமாகவும் சேரும் என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது பேனா தானாக ஓடியது. அடித்தல் திருத்தல் இல்லை. அரை நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டான்.

பெண்மணி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வாசித்தார்.

"சுமார் எட்டு வயது மதிக்கத்தக்க பெண். மாநிறம். ஒல்லியான தேகம். மஞ்சள் நிறத்தில் பூப்போட்ட கவுன். இடது முழங்காலில் பழைய காயத்தழும்பு. வலது கையில்..."

திடல் முழுக்க அது கேட்டது.

இத்தனை வருடத்தில், தான் எழுதியதை இன்னொருவர் வாய்விட்டு வாசித்து அவன் கேட்டதே இல்லை.

பெற்றவனுக்கு என்ன சுமார்? எட்டு வயதும் இரண்டு மாதமும். அந்தத் தழும்பு அவன் சைக்கிள் சொல்லிக் கொடுத்தபோது விழுந்தது.

பெண்மணி பாதியில் நிறுத்திவிட்டார். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

"சார்... பாப்பா பேரு?"

வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை.

மேசையைப் பிடித்துக்கொண்டான். மூன்று மாதம் தேடி அவனே வைத்த பெயர். காலையில்கூட நாலு தடவை கூப்பிட்டிருப்பான்.

வாசல் துணியை விலக்கிக்கொண்டு மனைவி வந்தாள். அவள் கையைப் பிடித்தபடி மகள். வாயெல்லாம் அப்பளத் துணுக்கு. ஒரு கீறல் இல்லை.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

மனைவி மேசையிலிருந்த தாளை எடுத்து, கடைசி வரி வரை படித்தாள். படித்துவிட்டு நான்காக மடித்தாள்.

மகள் அவன் காதருகே வந்தாள். ரகசியம் போல, மெல்லச் சொன்னாள்.

"மைக்ல சொன்னாங்களே, கேட்டியாப்பா? யாரோ ஒரு பாப்பாவாம். அதுக்குப் பேருகூட இல்லையாம். பாவம்ல?"