கட்டைவிரல்

புதூர்நாட்டில் நெட் சரியாக எடுக்காது. சசிகலா செங்கத்துக்குப் போய்ப் பென்டிரைவில் இறக்கிவந்த புது ஓ.எஸ்.ஸைத் தன் இ-சேவைக் கடைக் கம்ப்யூட்டரில், பழையதையெல்லாம் அழித்துவிட்டு, ஏற்றினாள். கடைசியில் அது அவளுடைய கைரேகையைக் கேட்டது. கட்டைவிரலை மெஷினில் வைத்தாள்.

‘வணக்கம், மாதம்மாள்’ என்று திரையில் வந்தது.

மாதம்மாள், மாதாமாதம் முதியோர் பென்ஷன் எடுக்கக் கடைக்கு வந்துகொண்டிருந்த கிழவி, ஆடியில் செத்துப்போனவள். புளி தட்டித் தட்டியே ரேகை தேய்ந்துபோன அவள் விரலை இந்த மெஷின் ஒருநாளும் ஏற்றதில்லை. “தல எண்ணெயில தேய்ச்சிட்டு வைங்கம்மா” என்று ஒவ்வொரு முறையும் சசிகலாதான் சொல்லுவாள்.

“இன்னா சசி, எல்லாத்தியும் அழிச்சிட்டேன்னியே?” என்றான் கணவன் ராஜ்குமார். “இன்னொருவாட்டி வச்சிப் பாரு.”

அதற்குள் அவள் கை தன்னாலே தலையில் தேய்த்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தாள். கட்டைவிரலில் ஒரு கோடுகூட இல்லை.