எண்பதும் இருபதும்

அந்தப் பெண் சாட்சிக் கூண்டில் ஏறியதும் மெக்கானிக் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். வழக்குப் போட்டவள் அவள். யார்மேல் போட்டாளோ, அவர் இவர்.

போன வருடம் மெக்கானிக் தன் காரை விளக்குக் கம்பத்தில் கொண்டுபோய் மோதிவிட்டார். பக்கத்து இருக்கையில் இருந்த அவளுக்குத் தோள்பட்டை நொறுங்கியது. முடி வெட்டும் கடை வைத்திருந்தவள். இனி வலது கை தலைக்கு மேல் எழும்பாது. நஷ்டஈடு தரப்போவது காப்பீட்டு நிறுவனம்தான். ஆனாலும் வண்டி ஓட்டியவர் மேல்தான் வழக்குப் போட்டாக வேண்டும்.

நிறுவனம் அமர்த்திய வக்கீல் எழுந்தார். "சீட் பெல்ட் போட்டிருந்தீங்களா?"

"இல்லைங்க. மறந்துட்டேன்."

வக்கீலின் முகம் மலர்ந்தது. அவள் மேலும் தப்பு இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும்.

மெக்கானிக் எழுந்தேவிட்டார். "ஐயா, அது பொய். அந்த பெல்ட் மாட்டாது. அப்பவே ரெண்டு மாசமா ரிப்பேர். ஊர்ல உள்ள வண்டியெல்லாம் சரி பண்ணினேன், என் வண்டியைத் தொடலை."

"உட்காருங்க," என்று வக்கீல் பல்லைக் கடித்தார். அவர் வாதாட வந்ததே மெக்கானிக்குக்காகத்தான்.

மெக்கானிக் உட்காரவில்லை. "பெல்ட் மாட்டலைன்னு ஏறும்போதே சொன்னா. ரெண்டு தெருதானே, பேசாம வான்னு நான்தான் அதட்டினேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "தப்பு என்னுதுன்னு ரெண்டு கட்சியும் போட்டி போடுறதை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்." அவள் பக்கம் திரும்பினார். "அவர் சொல்றது உண்மையாம்மா?"

ஆமென்று அவள் மெல்லத் தலையாட்டினாள்.

மதியமே தீர்ப்பு வந்துவிட்டது. நூற்றில் எண்பது பங்கு தப்பு ஓட்டியவர் மேல். பெல்ட் வேலை செய்யாது என்று தெரிந்தும் வண்டியில் உட்கார்ந்ததால் இருபது பங்கு அவள் மேல். நஷ்டஈட்டில் ஐந்தில் ஒரு பங்கு வெட்டு.

மெக்கானிக் வராந்தா பெஞ்சில் இடிந்துபோய் உட்கார்ந்தார். அந்த இருபதும் தன்னுடையதுதான் என்று இனி யாரிடம் போய் மல்லுக்கு நிற்பது?

அவள் வந்து எதிரே நின்றாள். அவருக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை.

"உன் பிழைப்பையே கெடுத்துட்டேன். நீ என்னை மன்னிக்கவே கூடாது," என்றார் தரையைப் பார்த்தபடி.

அவள் குனிந்து, அவருடைய சட்டைக் காலரை இடது கையால் சரிசெய்தாள்.

"அப்பா, அழாதீங்க. வீட்டுக்குப் போலாம்."