சவரிராயனின் மன வயது

"இதுல என்ன தப்புன்னு சொல்லணுங்க," என்று அமலராணி அடுத்த கேள்வியைப் படித்தாள். "ஒருத்தர் சிநேகிதருக்குக் கடிதம் எழுதுறாரு. 'இந்தக் கடிதம் வந்து சேராவிட்டால் உடனே எனக்குத் தெரிவிக்கவும்'னு முடிக்கிறாரு."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அவள் கணவர் சவரிராயன் கண்களை மூடி யோசித்தார்.

"தப்பு தபால் ஆபீஸ் மேல," என்றார்.

அடுப்படியில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த மகள் மரியபுஷ்பம், "வராத கடுதாசிய எப்படிப் படிப்பாங்களாம்?" என்று தனக்குள் முணுமுணுத்தாள்.

அது அமலராணியின் காதில் விழுந்தது. அவர் காதில் விழவில்லை.

அமலராணிக்கு ஆசிரியைப் பயிற்சியின் கடைசிப் பரீட்சை மறுநாள். மனோதத்துவப் பாடத்தில் ஒவ்வொருத்தியும் யாராவது ஒருவருக்குப் புத்திச் சோதனை நடத்தி, அவருடைய புத்திக்கு எத்தனை வயது, அதாவது மன வயது என்னவென்று கண்டுபிடித்துக்கொண்டு போக வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பரீட்சகர் அதை வைத்துக் கேள்வி கேட்பார். சோதனைக்கு உட்காருகிறவரின் பெயரை மட்டும் வெளியே சொல்லக் கூடாது என்பது விதி.

மகளை உட்காரவைக்கத்தான் அவள் நினைத்திருந்தாள்.

"அந்த மண்டுவ வச்சுப் பண்ணினா நீயும் பெயிலாயிடுவ," என்று சவரிராயன் தடுத்துவிட்டார். "என்னை வச்சுப் பண்ணு. புத்தின்னா என்னன்னு அந்த ஆளும் தெரிஞ்சுக்கட்டும்."

மரியபுஷ்பம் மூன்றாம் பாரப் பரீட்சையில் கணக்கில் தோற்றிருந்தாள். அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார். படிப்பு ஏறாத தலை. இனி ஸ்கூல் வேண்டாம். லால்குடியில் அவருடைய அக்காள் மகன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள்.

அதற்குப் பிறகு பெண் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அமலராணி இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் பாலக்கரைத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அவர் கத்தினார்.

"அடுத்த கேள்வி," என்றார் சவரிராயன்.

"நான் சொல்ற நம்பரைத் தலைகீழாத் திருப்பிச் சொல்லணுங்க. ஏழு, ரெண்டு, ஒன்பது, நாலு."

"ஏழு, ரெண்டு, ஒன்பது, நாலு."

"தலைகீழாங்க."

"எதுக்குத் தலைகீழாச் சொல்லணும்? ஒழுங்கா நேராச் சொல்றதுதானே முறை?"

கேள்வி கேட்டுத்தான் அவருக்குப் பழக்கம். பதில் சொல்லிப் பழக்கமில்லை.

ஆற்றுக்கும் குளத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். எந்த ஆறு என்று அவர் திருப்பிக் கேட்டார். காவிரி என்றால் சித்திரை மாதத்தில் அதில் தண்ணீரே கிடையாது, ஆகவே கேள்வியே தப்பு என்றார்.

எட்டு வயதுக் கேள்விகளைத் தாண்டினார். ஒன்பது வயதுக் கேள்விகளில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றைக் கடக்கிறவரைப் போலத் தட்டுத்தடுமாறிக் கரையேறினார். பத்து வயதுக் கேள்விகளில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அமலராணி கூட்டிப் பார்த்தாள். மறுபடியும் கூட்டினாள். அதே விடைதான் வந்தது.

"என்ன, எப்படி?" என்று அவர் மீசையைத் தடவினார்.

அடுப்படியில் கத்திச் சத்தம் நின்றுபோயிற்று.

"இந்த மாதிரி பதிலெல்லாம் எங்க புஸ்தகத்துலயே இல்லீங்க," என்றாள் அமலராணி.

அது பொய் இல்லை.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே புத்தகத்தில் பரம்பரை என்ற பாடத்தைப் பிரித்து, விரலை வைத்துப் படித்தாள். "'பிள்ளைகளின் புத்தி தந்தையிடமிருந்து...' வருதாம்."

தந்தையிடமிருந்தும் தாயிடமிருந்தும், அதற்கு மேல் சூழ்நிலையிலிருந்தும் என்று அந்த வரி இன்னும் நீளமாகப் போயிற்று. அவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"நம்ம புள்ளைக்குப் படிப்பு ஏறலன்னு நிறுத்திட்டோம்னா, வெளியில என்ன பேசுவாங்கன்னு யோசிச்சேன். அப்பாகிட்ட இருந்தாத்தானே வரும்னு..."

சவரிராயன் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, லால்குடி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.

"பொண்ணு படிச்சுக்கிட்டிருக்குன்னு அக்காகிட்டச் சொல்லிட்டு வந்துடறேன். இந்த வருஷம் கணக்கு சரியாயிடும். என் ரத்தம்தானே," என்றார் வாசலில் நின்று.

அவர் தெருமுனை திரும்பியதும் மரியபுஷ்பம் ஓடி வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கையெல்லாம் வாழைக்காய்ப் பிசின்.

மறுநாள் பரீட்சகர், திருமண் இட்ட நெற்றியைச் சுருக்கி, அமலராணி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். வயதானவர். நல்ல மனிதராகத் தெரிந்தார்.

"மன வயசு ஒம்போதுதானா? பாவம், குழந்தை," என்றார். "இந்த மாதிரிக் குழந்தைகளை அடிக்கப்படாது. திட்டப்படாது. நாம்தான் அனுசரிச்சுண்டு போகணும். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறேளோ இல்லியோ?"

"லீவு முடிஞ்சதும் போயிடுவாங்க, சார்."

அந்த 'வாங்க' அவரைத் தலைநிமிர வைத்தது.

"எந்தக் கிளாஸ்?"

அமலராணி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். விதிப்படி பெயரைத்தான் சொல்லக் கூடாது.

"ஹெட்மாஸ்டருங்க, சார்."