அதுக்குப் பத்து குறைச்சல்

“வைஃபை ஐநூறுன்னு நேத்துதானே பேசி முடிச்சோம்? இன்னிக்கு பலகையில நானூறுன்னு எழுதி வச்சிருக்கியே, உனக்கெல்லாம்...”

“நான் எழுதினது தெரியுதுல்ல? நீ சன்னல்ல முந்நூத்தம்பதுன்னு ஒட்டினது எனக்குத் தெரியாதாக்கும்!”

மலைப்பாதைக்கு இந்தப் பக்கம் லாமுவின் விடுதி, அந்தப் பக்கம் யாங்ஜியின் விடுதி. நடுவில் பதினான்கு பிரெஞ்சுக்காரர்கள் மூட்டையும் முதுகுமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பனிப்புயலுக்குப் பிறகு மேலே ஏறி வந்த முதல் கூட்டம் இது. பத்து நாளாக லாமுவின் விடுதியில் ஒரு தலையணைகூடக் கசங்கவில்லை.

அறை வாடகையிலும் சாப்பாட்டிலும் ஒரு ரூபாய் குறைக்க முடியாது. விடுதிக் கமிட்டி அச்சடித்த ஒரே பட்டியல்தான் எல்லாச் சுவரிலும் தொங்கியது. கமிட்டி எழுத மறந்தது வைஃபையை மட்டும்தான்.

“சண்டையை முடிங்க தீதி,” என்றான் வழிகாட்டி தேவ். “இவங்க வீட்டோட பேசி அஞ்சு நாளாச்சு. எங்கே வைஃபை மலிவோ அங்கே மூட்டையை இறக்குறோம்.”

“இருநூறு!” என்றாள் லாமு.

“நூத்தித் தொண்ணூறு!”

“நூறு!”

“நீ எவ்வளவு சொன்னாலும் அதுக்குப் பத்து குறைச்சல். போதுமா?”

“அப்படியா சேதி? பத்தே ரூபா!”

யாங்ஜி ஒரு கணம் முறைத்தாள். பலகையை முழங்கையால் அழித்து, ‘இலவசம்’ என்று எழுதினாள்.

லாமு விடுவாளா? அவள் சன்னலிலும் ‘இலவசம்’ ஏறியது.

“ரெண்டும் ஒண்ணுன்னா ஆளுக்குப் பாதி,” என்று தேவ் ஏழு பேரை இங்கேயும் ஏழு பேரை அங்கேயும் அனுப்பிவைத்தான்.

உள்ளே வந்ததும் ஏழு கைபேசிகள் நீண்டன.

“பூண்டு சூப்பைக் குடிங்க முதல்ல. பாஸ்வேர்டு எங்கேயும் ஓடிடாது,” என்று லாமு அடுப்பங்கரைக்குப் போனாள். சூடான உருளைக்கிழங்கு ரொட்டி நாலைத் துணியில் சுற்றிக்கொண்டு, பின்வாசல் வழியே நழுவினாள்.

காசுக்கு விற்றால் யாங்ஜி பாஸ்வேர்டைப் பூட்டி வைப்பாள். இலவசம் என்று ஊரறிய எழுதியபின் கேட்டவருக்குச் சொல்லித்தானே ஆகவேண்டும்? அதற்காகத்தான் லாமு விலையை இறக்கிக்கொண்டே வந்தாள். அவளுடைய வைஃபை பெட்டி புயலன்று விழுந்த இடியிலேயே கருகிப்போயிருந்தது.

தண்ணீர்க் குழாயடியில் யாரோ எதிரே வந்தார்கள். யாங்ஜிதான். அவள் கையிலும் ஒரு துணிப் பொட்டலம்.

லாமு வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“கோவப்படாதே அக்கா. யாக் சீஸ் கொண்டாந்திருக்கேன், வாங்கிக்கோ. நீயே இலவசம்னு எழுதிட்டேல்ல, அந்தப் பாஸ்வேர்டை எனக்கும் கொஞ்சம் சொல்லேன்... புயலன்னிக்கு என் பெட்டி கருகிடுச்சு!”