தன் வாயால்

"நெட்ல திருட்டுத்தனமா இறக்கினதை ஒருத்தர் வாய்விட்டு ஒத்துக்கிட்டா என்ன ஆகும், வக்கீல் சார்?"

வழுக்கைத் தலைப் பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்டதுமே வக்கீலுக்குப் புரிந்துவிட்டது. அந்த 'ஒருத்தர்' யாரென்று கண்டுபிடிக்க முடியாமலா இருபது வருஷமாகக் கறுப்புக் கோட்டு போடுகிறார்?

"படமா, பாட்டா?"

"புத்தகம்."

"இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா?" என்றபடி வக்கீல் கணினியில் ஒரு சட்டப் புத்தகத்தைத் திறந்தார். "இதோ, எட்டாம் அத்தியாயம். அபராதமும் உண்டு, ஜெயிலும் உண்டு. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. தவளை தன் வாயாலதான் கெடும்."

"அவர் சட்டம் படிச்சவரா இருந்தா?"

"இன்னும் மோசம். தெரிஞ்சே செஞ்சதுக்கு மன்னிப்பே கிடையாது!"

பெரியவர் திரையை எட்டிப் பார்த்தார். "நல்ல புத்தகமா இருக்கே. எங்க வாங்கினீங்க?"

"வாங்கறதா? யானை விலை! நெட்ல சும்மா கிடந்துது, இறக்கிக்கிட்டேன்." வக்கீல் கண்ணடித்தார். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன? நீங்களும் நம்ம கட்சிதானே!"

"கடைசிப் பக்கத்தைக் கொஞ்சம் திறங்க."

திறந்தார். ஆசிரியர் குறிப்புக்கு மேலே அதே வழுக்கைத் தலை சிரித்தது.

"போன வாரம் ஒரு வக்கீல் என்கிட்டயே இப்படி ஒத்துக்கிட்டார். அவர்மேல கேஸ் போடத்தான் உங்களைத் தேடி வந்தேன். இப்ப ரெண்டு பேராச்சு."

வக்கீல் அவசரமாகத் திரையை அணைத்தார்.

"ஐயா, உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல வக்கீல் யாராவது இருக்காங்களா?"